பொனட்டைத் திறந்தவர்

என் கணவருக்கு வலது காலில் இரண்டு விரல்களை எடுத்த பிறகுதான் நாங்கள் கார் வாங்குவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். அதுவரை எங்கள் இரண்டு பேர் குடும்பத்திலும் யாரும் சொந்தமாக வாகனம் வைத்திருந்ததில்லை. அவர் இறம்பொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். கொழுந்து உலர்த்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று நின்றே அவர் காலம் போனது. சர்க்கரை வியாதி இருப்பது தெரிந்தும் நிற்பதை விடவில்லை. நான் அதே வீதியில் இருக்கும் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் இல்லை.

விரல் எடுத்த இடத்துப் புண் ஆறவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து கட்ட வேண்டும். பஸ்ஸில் காலை நீட்ட இடம் கிடைக்காது. யாராவது மிதித்துவிடுவார்களோ என்று அவர் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டே வருவார். ஒருநாள் கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பியபோது பக்கத்தில் நின்றவரின் மரக்கறி மூட்டை அந்தக் காலின் மேல் விழுந்தது. அவர் கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கட்டுத் துணியில் சிவப்பு ஊறி வந்தது. அன்றைக்கே நான் முடிவெடுத்துவிட்டேன்.

நாற்பத்தாறு வயதில் வாகனம் ஓட்டப் பழகினேன். ஆசிரியர் சங்கத்தில் கடன் போட்டேன். வெளிநாட்டிலிருந்து வாகனம் வருவது நின்றுபோயிருந்த நேரம் அது. பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய வண்டிகளையே புதிது போல விற்றுக்கொண்டிருந்தார்கள். கண்டிக்குக் கிட்ட ஒரு வாகன விற்பனை நிலையத்தில், பின்சீட்டில் ஒருவர் காலை நீட்டி உட்காரக்கூடிய டீசல் கார் ஒன்று இருந்தது. அங்கே முகாமையாளராக இருந்தவர் முப்பது வயது மதிக்கத்தக்க சிங்களப் பையன். தமிழ் கொஞ்சம் பேசுவார். என் கணவர் ஏறும்போது ஓடி வந்து, அவருடைய குதிகாலைத் தன் உள்ளங்கையில் ஏந்தி, மெதுவாக சீட்டில் வைத்தார். அந்த ஒரு காரியத்துக்காகவே நான் அவரை நம்பினேன். மலைக்கு டீசல்தான் சரி என்றார். இயந்திரம், கியர், டர்போ மூன்றுக்கும் ஆறு மாதம் வாரண்டி என்றார்.

வாரண்டிப் பத்திரம் ஆங்கிலத்தில் நாலு பக்கம். வீட்டுக்கு வந்ததும் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசித்தேன். எதையும் முழுதாக வாசிக்காமல் என்னால் இருக்க முடியாது. மூன்றாம் பக்கத்தில், தங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இயந்திரப் பாகங்களைத் திறந்தால் வாரண்டி செல்லாது என்று எழுதியிருந்தது. அது தெரியாது என்று நான் எப்போதும் சொல்ல முடியாது. பென்சிலால் அடிக்கோடு போட்டது நான்தான்.

மூன்றாவது வாரத்திலேயே கார் ஏற்றத்தில் கறுப்புப் புகை கக்கியது. நாலு கிலோமீற்றர் ஏறியதும் மூச்சு வாங்குவது போல ஒரு சத்தம். பிறகு எவ்வளவு மிதித்தாலும் வேகம் வராது. பின்னால் வரும் வண்டிகள் ஹோர்ன் அடிக்கும். கார் விற்ற இடத்துக்கு நான் போன் எடுத்தேன். கொண்டு வரச் சொன்னார்கள். சனிக்கிழமை கண்டிக்கு இறக்கிக்கொண்டு போனேன். இறக்கத்தில் காருக்கு ஒரு குறையும் தெரியாது. அவர்கள் தரையான ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். மிஸ் கியரைப் பிந்தி மாற்றுகிறீர்கள், பழகினால் சரிவரும் என்று முகாமையாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கியரை மாற்றுவதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டாம் முறை ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். திருப்பித் தரும்போது கார் உள்ளும் வெளியும் கழுவித் துடைக்கப்பட்டிருந்தது. ஏதோ ஒரு வடிகட்டியை மாற்றியதாகச் சொன்னார்கள். அடுத்த கிளினிக் நாளிலேயே பழைய புகை வந்தது.

ஆடி மாதத்து மழையில் ஒரு வியாழக்கிழமை. காலை எட்டு மணி இருக்கும். இறம்பொடையிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தோம். மூடுபனி ரோட்டின் வெள்ளைக் கோட்டைக்கூட மறைத்திருந்தது. ஒரு வளைவில் திரும்பும்போது இயந்திரத்திலிருந்து விசில் போல ஒரு சத்தம் கேட்டது. அடுத்த நொடி பின்கண்ணாடி முழுக்கப் புகை. சிவப்பு விளக்கு எரிந்தது. கார் நின்றுவிட்டது. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். நான் இறங்கிப் பெரிய கல் ஒன்றை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். பின்சீட்டில் அவர் காலை நீட்டியபடி இருந்தார். வளைந்து வரும் லொறி எங்களைக் காணாமல் இடித்தால், அந்தக் காலோடு அவரால் இறங்கி ஓடவும் முடியாது.

முகாமையாளருக்கு எடுத்தேன். எதையும் தொட வேண்டாம், இழுத்து வர லொறி அனுப்புகிறோம் என்றார். எப்போது என்று கேட்டேன். இன்றைக்கு லொறி இல்லை, நாளைக்கு மத்தியானத்துக்குள் என்றார். நான் நிற்கும் இடத்தைச் சொன்னேன். கணவரின் காலைப் பற்றிச் சொன்னேன். அவர் மறுபடியும் தொட வேண்டாம் என்றே சொன்னார்.

அப்போதுதான் இறம்பொடைக் கடைத்தெருவில் தகரக் கொட்டகை போட்டு வாகனம் திருத்தும், ஊரில் எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் மெக்கானிக்கை அழைத்தேன். அவருடைய மகள் என்னிடம் படித்தவள். அரை மணித்தியாலத்தில் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். மழைக்குத் தலையில் பொலித்தீன் பையைக் கட்டியிருந்தார். முதலில் தன் மோட்டார் சைக்கிளை வளைவுக்கு முன்னால் கொண்டுபோய் விளக்கை எரியவிட்டு நிறுத்தினார், வருகிற வண்டிகளுக்குத் தெரியட்டும் என்று. பிறகுதான் காருக்கு வந்தார். பொனட்டில் கை வைத்தவர் அதைத் தூக்காமல் என்னைப் பார்த்தார்.

"வாரண்டி இருக்குன்னு சொன்னீங்கல்ல டீச்சர். நான் தொறக்கலாமா? பொறவு ஏதும் சொல்லுவாங்க."

"தொறங்க நானா. நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

இதைச் சொன்னபோது என் கணவர் கண்ணாடியை இறக்கிவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானா, இயந்திரத்துக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்குப் போகும் குழாயைக் கழற்றினார். உள்ளே எண்ணெய் தேங்கியிருந்தது. இரண்டு விரலை விட்டு எதையோ அசைத்துக் காட்டினார். அசையக் கூடாத தண்டு கடகடவென்று ஆடியது. பொருத்தைச் சுற்றி ஏதோ பசை பூசிக் காய்ந்து கருகிப்போயிருந்தது. அதை நகத்தால் சுரண்டி என்னிடம் காட்டினார். இது பழைய பழுது, உங்களுக்கு விற்பதற்கு முந்தியே இருந்திருக்கிறது, ஒழுக்குக்குப் பசையைப் பூசி உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்றார். அந்தப் பசையைப் படம் எடுத்து வைத்திருக்க வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. என் கணவரின் புண் நனையாமல் பார்ப்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஏதோ ஒரு குழாயை அடைத்து, எண்ணெய் ஊற்றி, இயந்திரம் மெதுவாகவாவது ஓடும்படி செய்தார். ஏற முடியாது, இறங்கலாம் என்றார். காரைத் திருப்பி முதல் கியரிலேயே வீடு வந்து சேர்ந்தோம். அவர் மோட்டார் சைக்கிளில் எங்களுக்குப் பின்னாலேயே வந்தார். கூலி வாங்கவில்லை. வேலையே முடியவில்லையே என்றார்.

இரண்டு நாள் கழித்து லொறி வந்து காரை ஏற்றிக்கொண்டு போனது. அடுத்த வாரம் கடிதம் வந்தது. குழாயின் ஆணிகளில் அவர்கள் வைத்திருந்த அடையாள மை அழிந்திருக்கிறது, வெளியாள் திறந்திருக்கிறார், ஆகவே வாரண்டி செல்லாது.

நான் சும்மா இருக்கவில்லை. நுவரெலியாவில் கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்தில், நுகர்வோர் முறைப்பாடு எடுக்கும் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இதைக் கேள்விப்பட்ட நானா தானாகவே வந்து, நான் வந்து கண்டதைச் சொல்கிறேன் டீச்சர் என்றார். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு என்னோடு வந்தார். விசாரித்தவர் ஒரு சிங்களப் பெண் அதிகாரி. பொறுமையாகக் கேட்டார். நானா சிங்களத்தில் தடங்கலில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். முகாமையாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். உங்கள் கராஜ் பதிவு செய்ததா, நீங்கள் எங்கே படித்தீர்கள்? நானா, தன் மாமாவிடம் பதினாலு வயதில் பழகியதாகச் சொன்னார். முகாமையாளர் தலையாட்டிவிட்டுத் தன் கோப்பை மூடினார். பதிவு செய்த கராஜ் ஒன்றின் அறிக்கை இருந்தால்தான் பலமாக இருக்கும் என்று அதிகாரி வருத்தத்தோடு சொல்லி, இன்னொரு மாதத்துக்குத் தள்ளிவைத்தார். கார் விற்பனை நிலையத்தின் முற்றத்தில் நின்றது. எந்தக் கராஜ்காரரை அங்கே கொண்டுபோய்க் காட்டுவது?

திரும்பி வரும்போது பஸ்ஸில் நானா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். நகக்கண்ணில் இருந்த கறுப்பு எத்தனை தேய்த்தும் போகாதது.

அந்த மாதத்தில் நாங்கள் மறுபடி பஸ்ஸிலும் ஆட்டோவிலும் போனோம். புண்ணின் ஓரம் கறுக்க ஆரம்பித்தது. தினமும் வந்து கட்டச் சொன்னார்கள். தினமும் ஆட்டோவில் அந்த வளைவுகளில் ஏறி இறங்கினால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். இரவில் அறையில் ஒரு வாடை இருந்தது. அவருக்கும் அது தெரியும். 

அப்போதுதான் முகாமையாளரிடமிருந்து அழைப்பு வந்தது. மிஸ்ஸின் நிலைமையை முதலாளியிடம் சொன்னேன், ஒரு கடதாசியில் கையெழுத்துப் போட்டால் டர்போவை மாற்றிப் பத்துப் பன்னிரண்டு நாளில் காரைத் தந்துவிடலாம் என்றார். கணவரிடம் பாடசாலைக் கூட்டம் என்று சொல்லிவிட்டுக் கண்டிக்குத் தனியாகப் போனேன்.

கடதாசி சிங்களத்தில் இருந்தது. எனக்குச் சிங்களம் மெதுவாக வாசிக்க வரும். கார் வழியில் நின்றபோது வெளி மெக்கானிக் ஒருவர், பெயரும் ஊரும் போட்டு, என் அனுமதி இல்லாமல் இயந்திரத்தைத் திறந்ததாகவும், அதனால்தான் டர்போ சேதமானதாகவும் எழுதியிருந்தது. நான் முறைப்பாட்டை வாபஸ் வாங்குவதாகவும் இருந்தது. மூன்று தரம் வாசித்தேன். புரியவில்லை என்று பிற்பாடு சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

"இது உண்மை இல்லையே" என்றேன்.

"இது எங்க கோப்புக்கு மட்டும்தான் மிஸ். காப்புறுதிக்காரங்களுக்குக் காட்டணும். அந்த மனுசனுக்கு ஒண்ணும் வராது" என்றார் முகாமையாளர். குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. ஒரு கிளாஸ் தேத்தண்ணி வரவழைத்தார்.

நான் கையெழுத்துப் போட்டேன். என் பெயரை முழுதாக, பரீட்சைத் தாளில் போடுவது போலத் தெளிவாகப் போட்டேன். நான் அந்தத் தேத்தண்ணியையும் குடித்தேன் என்பது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

கார் வருவதற்கு மூன்று நாள் இருக்கும்போது என் கணவருக்குக் காய்ச்சல் நூற்றி நாலைத் தாண்டியது. நுவரெலியாவிலிருந்து அம்புலன்ஸில் கண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். பஸ்ஸில் அலைந்ததால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படி ஒன்றும் இல்லை, இரத்த ஓட்டம் எப்போதோ நின்றுவிட்டது, காரில் வந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்றார். அவர் ஆறுதலுக்காகத்தான் அப்படிச் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. அப்படியென்றால் நான் எதற்காகக் கையெழுத்துப் போட்டேன்?

திருத்திய கார் முதல்முதலாகச் செய்த வேலை, அவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான். பின்சீட்டில் காலை நீட்ட இப்போது அவ்வளவு இடம் தேவைப்படவில்லை. புசல்லாவையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, நல்லா ஏறுது என்றார். கொஞ்ச தூரம் போனபிறகு, எப்படிக் கொடுத்தார்கள் என்று கேட்டார். பேசி முடித்துவிட்டேன் என்றேன். 

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானா வீட்டுக்கு வந்தார். கையில் திராட்சைப் பழமும் பிஸ்கட் பெட்டியும் இருந்தன. கால் எடுத்ததைக் கேள்விப்பட்டதிலிருந்து வர வேண்டும் என்று நினைத்ததாகவும், வேலை விடவில்லை என்றும் சொன்னார். அறைக்குள் போய் என் கணவரோடு அரை மணித்தியாலம் பேசிக்கொண்டிருந்தார். பொய்க்கால் போட்டு லொறி ஓட்டும் ஒருவரை உடப்புசல்லாவையில் தெரியும் என்றார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் கணவர் ஆஸ்பத்திரிக்குப் பிறகு அன்றைக்குத்தான் சத்தமாகச் சிரித்தார்.

புறப்படும் நேரத்தில் நானா சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு கடிதத்தை எடுத்தார்.

"டீச்சர், இது நேத்து தபால்ல வந்திச்சு. இங்கிலீசுல இருக்கு. எனக்கு இங்கிலீசு ஓடாது. என்னான்னு பாத்துச் சொல்லுங்க."

வக்கீல் ஒருவரின் தலைப்பிட்ட கடிதம். முதல் பந்தியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. விற்பனை நிலையத்தின் சார்பில், அனுமதியின்றி இயந்திரத்தைத் திறந்து சேதம் விளைவித்ததற்காகத் திருத்தச் செலவு முழுவதையும் பதினாலு நாளுக்குள் அவர் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. பின்னால் ஒரு பிரதி இணைத்திருந்தார்கள். அதன் அடியில் என் கையெழுத்து இருந்தது.

நான் நின்றபடியே வாசித்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். சொல்லாமல் விட்டுவிடலாம், ஏதோ விளம்பரக் கடிதம் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டு நானே எப்படியாவது தீர்த்துவிடலாம் என்ற எண்ணமும் வந்தது. அந்த எண்ணம் வரவில்லை என்று இங்கே எழுதினால் அதுவும் பொய்யாகும். ஆனால் அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வகுப்பில் கணக்குச் சொல்லும்போது அவருடைய மகள் அந்த நாளில் பார்த்தது போலவே பார்த்தார்.

இரண்டாம் தாளுக்கு வந்ததும் வாசிப்பதை நிறுத்தினேன்.

"அதுல என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"நான் குடுத்த வாக்குமூலம். நீங்க என்னைக் கேக்காமத் தொறந்ததா இருக்கு."

"நீங்க எழுதினதா டீச்சர்?"

"எழுதினது அவங்க. கையெழுத்து நான் போட்டேன்."

நானா வாசல் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்தார்.

"சரி. இப்ப நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்றார்.

அறைக்குள்ளிருந்து என் கணவரின் குரல் வந்தது. எங்கள் வீட்டுச் சுவர்கள் கூரைவரை போகாதவை. எல்லாம் கேட்டிருக்கிறது.

"நானா, அன்னைக்கித் தொறக்கச் சொன்னது நாங்கதான். என் காதால கேட்டேன். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

அன்றைக்கே மேசை முன் உட்கார்ந்து நானாவுக்காக அந்த வக்கீலுக்குப் பதில் எழுதினேன். என்னுடைய வாக்குமூலம் பொய் என்று நானே அவருக்காக எழுத வேண்டியிருந்தது. அவர் எதிரில் உட்கார்ந்து, நான் சொன்ன இடத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டார். போட்ட தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து போனார்.

அதன்பிறகு நாலு நாள் என் கணவர் என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசினார். ஐந்தாம் நாள் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது, "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

"ஆமா" என்றார்.

நான் கட்டைச் சுற்றி முடித்தேன்.

சமாதான நீதவான் ஒருவரிடம் போய், நானும் என் கணவரும் ஆளுக்கொரு சத்தியக் கடதாசி செய்தோம். அவர் கட்டைகளை ஊன்றி இரண்டு படி ஏறி வந்து கையெழுத்துப் போட்டார். அதை எடுத்துக்கொண்டு கச்சேரிக்குப் போனேன். அந்தப் பெண் அதிகாரி இரண்டையும் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். படித்தவர் நீங்களே இப்படிச் செய்தால் என்று சிங்களத்தில் ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு முகாமையாளரை வரவழைத்தார். பேச்சு மூன்று தடவை நடந்தது. கடைசியில் யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை என்று முடிந்தது. நானாவுக்கு அனுப்பிய கடிதத்தை விற்பனை நிலையம் திரும்பப் பெற்றது. என் வாரண்டி அன்றோடு முடிந்தது. பழைய பழுதை மறைத்து விற்றார்கள் என்பது எந்தத் தாளிலும் பதியப்படவில்லை. வெளியே வரும்போது முகாமையாளர் கதவைத் திறந்து பிடித்தபடி, ஐயாவின் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். எடுத்துவிட்டார்கள் என்றேன். அவர் முகம் வெளுத்தது. அதையும் நான் பார்த்தேன். அவரை முழுக்கக் கெட்டவர் என்று வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

எண்ணெய் மாற்ற வேண்டிய நேரம் வந்தபோது, வேறு இடத்துக்குப் போவது இன்னும் பெரிய அவமரியாதை என்று நினைத்து, காரை நானாவின் கொட்டகைக்கே கொண்டு போனேன். எழுந்து வந்தார். என்ன செய்ய வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டார். சொன்னேன். உள்ளே போய்ப் பழைய கொப்பி ஒன்றிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ஒரு பேனாவோடு கொண்டுவந்து பொனட்டின் மேல் வைத்தார்.

"நான் தொறக்கலாம்னு எழுதித் தாங்க டீச்சர்" என்றார்.

குத்திக் காட்டுவதற்காகக் கேட்டது போலத் தெரியவில்லை. இனி எல்லோரிடமும் இப்படித்தான் வாங்குவதாகச் சொன்னார். நான் எழுதினேன். திகதி போட்டேன். கையெழுத்துப் போட்டேன். தாள் பொனட்டின் சூட்டில் லேசாக வளைந்தது. அவர் அதைத் தமிழில் மெதுவாக ஒருமுறை வாசித்து, ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்தார். அதற்குள் வேறு தாள் எதுவும் இருக்கவில்லை. பிறகு எண்ணெய் மாற்றினார். கூலியைச் சரியாகக் கேட்டு வாங்கினார்.

அடுத்த முறை போனபோது வேலை நிறைய இருக்கிறது என்றார். கொட்டகையில் ஒரு வண்டியும் நிற்கவில்லை. சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் வான்கள் மூன்றை அவரிடம் கொடுத்துவந்த ஒரு முதலாளி, வேறு இடத்துக்கு மாற்றிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அந்த முதலாளியும் அதே விற்பனை நிலையத்தில்தான் வண்டி வாங்குபவர். என் கடதாசி அவர் கண்ணில் பட்டதோ என்னவோ. விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வருட முடிவில் நானா கொட்டகையைப் பூட்டிவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல், கட்டாருக்கு வேலைக்குப் போனார். அவருடைய மகள் கடைத்தெருவில் என்னைக் கண்டால் வணக்கம் சொல்லாமல் போவதில்லை. வாப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்பேன். நல்லா இருக்காங்க டீச்சர் என்பாள். அங்கே சூடு ரொம்பக் கூட என்று ஒருமுறை சொன்னாள். எனக்கு எதிராக அவள் வீட்டில் ஒரு வார்த்தையும் பேசவில்லை போலும், அல்லது பேசியும் அவள் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

கொட்டகையை இப்போது ஒருவர் தொலைபேசிக் கடையாக மாற்றியிருக்கிறார். கார் இன்னும் எங்களிடம் இருக்கிறது. மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போகிறோம். என் கணவர் இப்போது முன்சீட்டில், எனக்குப் பக்கத்தில் உட்காருகிறார். பொய்க்காலை முதலில் உள்ளே வைத்து, பிறகு உடம்பைத் திருப்பி ஏறக் கற்றுக்கொண்டுவிட்டார். மேலே போகிற வழியில் பெரும்பாலும் நாங்கள் பேசுவதில்லை. மழை நாள் என்றால் அவர் தன் பக்கத்துக் கண்ணாடியில் படியும் மூச்சைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு, வளைவுக்கு அந்தப் பக்கம் வண்டி வருகிறதா என்று பார்த்துச் சொல்வார்.